மட்டக்களப்பில் சிரிக்கப் போவோருக்கு

ஒருவர் ஒலிவாங்கியுடன் தனியே நின்று பேச, நுழைவுச்சீட்டு எடுத்தவர்கள் சிரிக்கும் அரங்கை மட்டும் தேடி மட்டக்களப்புக்கு வருபவர் ஏமாறக்கூடும். இங்கே நேரில் சிரிக்க வைப்பவர்கள் பெரும்பாலும் கூத்து ஆடும் இடமான களரியிலும் பட்டிமன்ற மேடையிலுமே இருக்கிறார்கள். ஆகவே அவர்களைக் காண விரும்புபவர் முதலில் வேளாண்மைக் காலத்தையும் கோயில் திருவிழா நாள்களையும் அறிந்துகொள்ள வேண்டும்.

ஐப்பசி தொடங்கித் தை வரை மாரி மழை பெய்யும், ஆட்களும் வயலில் இருப்பார்கள் என்பதால், பெரும்போகம் எனப்படும் மாரிகால நெல் அறுவடை முடிந்த பின்னர் வருவதே நல்லது. எல்லா நிகழ்வுகளுக்கும் சுவரொட்டி ஒட்டப்படுவதில்லை. பிரதேச செயலகத்தின் கலாசார உத்தியோகத்தரிடமோ, கல்லடியிலுள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தின் மாணவர்களிடமோ எந்த ஊரில் சதங்கை அணி விழா (கூத்துப் பழகுபவர்கள் முதன்முதல் சதங்கை கட்டி ஆடும் நாள்), எங்கே அரங்கேற்றம் என்று விசாரிக்கலாம். மார்ச் 27 உலக நாடக தினமாதலால், அதனை அண்டிய நாள்களில் நகரில் ஏதேனும் அரங்கேறுகிறதா என்றும் கேட்டு வைக்கலாம்.

சீலாமுனை, கன்னன்குடா, முனைக்காடு போன்ற ஊர்கள் கூத்துக்குப் பேர்போனவை. கூத்தின் இரு பாணிகளான வடமோடியாயினும் தென்மோடியாயினும் அரசனுக்கு முன்னால் களரிக்கு வருபவர் கட்டியகாரனே. பிந்திப் போனால் அவருடைய வரவைத் தவறவிடுவீர்கள். அரசன் கொலுவுக்கு வருகிறான் என்று அறிவிப்பது அவருடைய கடமை. ஆனால் பாடி ஆடி முடித்தவுடன் மத்தளத்துக்கு முன்னால் நின்று கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரிடமே வாய்கொடுப்பார், நெல் விலையையும் உரத்தின் விலையையும் இழுப்பார், முன்வரிசையில் சால்வையுடன் அமர்ந்திருக்கும் ஊர்ப் பெரியவரையும் விடமாட்டார். மகாபாரதத்துக்குள் உரமூட்டை எப்படி வந்தது என்று கேட்பவர் வீட்டிலேயே இருந்துவிடலாம். இந்தப் பேச்சில் பெரும்பகுதி ஏட்டில் இருப்பதில்லை. அன்றைய சபையைப் பார்த்து அந்த இடத்திலேயே பிறப்பது. எனவே ஊர்க்காரர் ஒருவருக்குப் பக்கத்தில் அமர்ந்து, யாரைக் குத்திப் பேசுகிறார் என்று கேட்டுக்கொண்டால் சிரிப்பு இரட்டிப்பாகும். வட்டக்களரி எனில் எப்பக்கமும் அமரலாம். பின்னின்று பாடும் பிற்பாட்டுக்காரரை மறைக்காதிருந்தால் போதும்.

மந்திரவாதிகள் ஒருவரையொருவர் வெல்ல முனையும் மகிடிக் கூத்து எங்கேனும் ஆடப்படுவதாகக் கேள்விப்பட்டால் வேறு வேலையை ஒத்திவைத்துவிட்டுப் போகலாம்.

பட்டிமன்றத்தைப் பொறுத்தவரை பேச்சாளரைவிட நடுவரின் பெயரைப் பார்த்தே தெரிவு செய்ய வேண்டும். தாளைப் பார்த்து வாசிக்கும் அணியைக்கூட நல்ல நடுவர் இடையில் புகுந்து காப்பாற்றிவிடுவார். கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் போகிறவர்கள் கவியரங்குகளையும் தேடலாம்.

வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை ஊர்களுக்கு 2014இல் திறக்கப்பட்ட மண்முனைப் பாலத்தால் கொக்கட்டிச்சோலைப் பக்கமாக எளிதில் போய்விடலாம். திரும்புவதுதான் சிக்கல்: முழு இரவுக் கூத்து விடியும்வரை நடக்கும், இடையில் எழுந்தால் பஸ் கிடைக்காது. போகும்போதே ஆட்டோக்காரருடன் திரும்பும் நேரத்தையும் கூலியையும் பேசிக்கொள்ளுங்கள். அல்லது பாயும் போர்வையும் எடுத்துச் சென்று, முதல் பஸ் வரும்வரை களரியோரத்திலேயே இருங்கள்.