மொட்டை மரம் பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

மாசி பிறந்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலைந்து பேர் சேர்ந்து பெரம்பூர், வியாசர்பாடி, ராயபுரம் தெருக்களில் இலை உதிர்ந்த மரங்களைப் பார்த்து வரைவோம். புதிதாக வருகிறவர்கள் அந்தக் காலத்தில் நான் அடித்த அதே கூத்தை அடிக்கிறார்கள். தொப்பி, தண்ணீர் பாட்டில் கதையெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

மார்கழியில் கிளம்புவது

குளிர்நாட்டு மரம் பகல் குறுகி, குளிர் ஏறும்போது இலையை உதிர்க்கும். நம்மூர் மரத்துக்குக் குளிர் ஒரு பொருட்டே இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழை ஈரம் மண்ணில் வற்றத் தொடங்கினால்தான் கொட்டும். மார்கழியில் போனால் பச்சைப்பசேல் என்றுதான் நிற்கும். தை கடைசியிலிருந்து பங்குனி வரை வாருங்கள். அரசமரம் மட்டும் ஏமாற்றும். கொட்டிய கையோடு செம்பு நிறத் தளிர் விட்டுவிடும்.

உச்சி வெயிலில் பார்ப்பது

கிளை தெரியாது, கண்தான் கூசும்.

"பட்டுப்போச்சு" என்று சொல்வது

15 வருஷத்துக்கு முன்னால் பழைய வண்ணாரப்பேட்டையில் நான் குடியிருந்த வீட்டு வாசலில் ஒரு வாகை மரம். அந்த மாசியில் ஓர் இலை கிடையாது. வைக்கோல் நிற நெற்றுகள் மட்டும் கொத்துக் கொத்தாகத் தொங்கி, கடல்காற்று அடித்தால் கலகலவென்று சத்தம் போடும். வீட்டுக்காரர் கேட்டார்: "மரமா வரையுற ஆளாச்சே, நீயே சொல்லுப்பா. பட்டுப்போச்சா இல்லையா?" அண்ணாந்து பார்த்துவிட்டு, பெரிய விவரக்காரன் மாதிரி "ஆமாங்க" என்றேன். மூன்றாம் நாள் ஆள் வந்தது. வெட்டிய அடிமரம் முழுக்க ஈரம். "பச்சை மரத்தைப் போய் வெட்டச் சொன்னீங்களே" என்று வெட்டினவரே தலையில் அடித்துக்கொண்டார். இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் துளிர்த்து, சித்திரையில் பூத்துத் தெருவே மணந்திருக்கும். அந்தக் கோடை முழுக்கத் திண்ணையில் யாராலும் உட்கார முடியவில்லை.

போன வாரம் வியாசர்பாடியில் ஓர் ஒதிய மரத்தைப் பார்த்து ஒரு தம்பி அதே வார்த்தையைச் சொன்னார். நான் ஏன் அவ்வளவு எரிந்து விழுந்தேன் என்று அவருக்குப் புரியவில்லை. சுள்ளியின் பட்டையை நகத்தால் கீறுங்கள். அடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. தெரியாவிட்டால் வேறொரு கிளையில் கீறுங்கள், ஒரு கிளை காய்ந்ததால் மரம் செத்துவிடாது. அதிலும் ஒதியம், வெட்டிய கொம்பை நட்டாலே துளிர்க்கிற சாதி. "ஒதி பெருத்தால் உத்தரம் ஆகுமா" என்று ஏசியே பழகிவிட்டோம், அது கிளை விரித்து நிற்கிற நிற்பை யார் பார்க்கிறார்கள்? சந்தேகம் என்றால் வைகாசி வரை வாயை மூடிக்கொண்டிருங்கள்.

பூவரசுக்கும் புன்னைக்கும் காத்திருப்பது

அவை மொட்டையாகாது. நகருங்கள்.

கூட்டுக்கு அடியில் போய் நிற்பது

காசிமேட்டுப் பக்கம் பருந்துகள் இந்த மாதங்களில்தான் கூடு கட்டும். இலை இல்லாததால் சுள்ளிக்கு நடுவே செருகிய கம்பி, கந்தல் துணிவரை தெரியும். ஆசையாக இருக்கும், சரி. ஆனால் தள்ளி நின்றே பாருங்கள். குஞ்சு இருந்தால் தலையிலேயே வந்து அடிக்கும். என் மூக்குக்கண்ணாடி ஒன்று அப்படித்தான் போனது.