பெர்மிட் இருந்தும் தீப்பிடிப்பது ஏன்? வெல்டிங், கேஸ் கட்டிங் வேலைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹாட் ஒர்க் பெர்மிட், அதாவது வெல்டிங், கட்டிங் போன்ற பொறி பறக்கும் வேலையைத் தொடங்கும் முன் வாங்கும் எழுத்துப்பூர்வ அனுமதி. அதன் படிவம் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தால், அது வேலை நடக்கும் இடத்தில் நின்று நிரப்பப்பட்டதா, அலுவலக மேசையில் நிரப்பப்பட்டதா என்பதைப் பெரும்பாலும் முதல் பார்வையிலேயே சொல்லிவிடலாம். மேசையில் நிரப்பிய படிவத்தில் எல்லா டிக் குறிகளும் ஒரே சாய்வில், ஒரே மூச்சில் மேலிருந்து கீழ்வரை இறங்கியிருக்கும். 'பொருந்தாது' என்று எழுத வேண்டிய கட்டத்திலும் டிக் விழுந்திருக்கும். தரையில் நின்று செய்யும் கேட் வெல்டிங்குக்கு 'உயரத்தில் வேலை, பெல்ட் சரிபார்க்கப்பட்டது' என்று குறித்திருந்த படிவத்தை நானே பார்த்திருக்கிறேன். அதில் மூன்று கையெழுத்துகளும் முறையாக இருந்தன.

வெல்டிங்கால் வரும் தீ வெல்டரின் கண்ணெதிரே பிடிப்பது குறைவு. கண்ணெதிரே பிடித்தால் பக்கத்தில் நிற்பவர் மிதித்தே அணைத்துவிடுவார். பெருந்தீயாக மாறுவது, பொறி உருண்டு போய் ஒளிந்துகொண்ட இடத்தில், வேலை முடித்து எல்லோரும் கைகழுவப் போன பிறகு பிடிக்கும் தீதான். ஆகவே பெர்மிட் உண்மையில் கேட்கும் கேள்விகள் இரண்டு: பொறி எங்கே போகும், அது அங்கே எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கும்? தொழிற்சாலைகளில் நடக்கும் தவறுகளில் பெரும்பகுதி, இந்த இரண்டில் ஒன்றை மறந்ததால் நடப்பவை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நூற்பாலையில் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட்டை (ஆலைக்குள் காற்றின் ஈரப்பதத்தைப் பராமரிக்கும் அமைப்பை) ஒட்டிய பழைய ஆங்கிள் சட்டம் ஒன்றைக் கேஸ் கட்டிங் செய்து எடுத்தார்கள். சுற்றிலும் தரை பெருக்கப்பட்டிருந்தது, தீயணைப்பான் இரண்டு வைக்கப்பட்டிருந்தன, தண்ணீர் வாளியும் இருந்தது. பகல் பன்னிரண்டரை மணிக்கு வேலை முடிந்து, பெர்மிட்டில் 'முடிந்தது' என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஆட்கள் சாப்பிடப் போனார்கள். இரண்டரை மணிக்கு மேல் ஸ்பின்னிங் ஹாலில் வேலை செய்த பெண் ஒருவர் துணி கருகும் வாடை வருவதாகச் சொன்னார். தேடிப் பார்த்ததில், வெட்டிய இடத்திலிருந்து ஏழெட்டு அடி தள்ளியிருந்த தரைச்சல்லடையின் இடுக்கு வழியாக உருகிய கசடுத்துளி ஒன்று கீழே இருந்த ரிட்டர்ன் ஏர் குழிக்குள் (ஹாலின் காற்று திரும்பிப் போகும் பாதைக்குள்) விழுந்து, அங்கே சுவரோரமாகப் படிந்திருந்த பஞ்சுத்தூசியில் இரண்டு மணி நேரம் சத்தமில்லாமல் கனன்றுகொண்டிருந்தது தெரிந்தது. ஃபேனை உடனே நிறுத்தியதால் தீ பரவவில்லை. தரையைப் பெருக்கியவர்களில் ஒருவரும் தரைக்குக் கீழே ஒரு தளம் இருப்பதை அப்போது நினைக்கவில்லை. தினமும் அதன்மேல் நடந்தவர்கள்தான் அவர்கள்.

பொறி போகும் தூரத்துக்கு உலகம் முழுவதும் எடுத்தாளப்படும் அளவு 35 அடி, அதாவது சுமார் 11 மீட்டர். அமெரிக்காவின் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கமான என்எஃப்பிஏவின் 51பி தரநிலை இந்த அளவைச் சொல்கிறது. நம் ஊர்ப் பெர்மிட் படிவங்களிலும் 'சுற்றிலும் 11 மீட்டருக்குள் எரிபொருள் அகற்றப்பட்டது' என்ற வரி இருக்கும். தவறு நடப்பது இந்த அளவைத் தரையில் வட்டம் போட்டுப் பார்ப்பதில்தான். ஆறு மீட்டர் உயரத்தில் கூரைச் சட்டத்தை வெட்டும்போது பொறி கீழே விழுந்து, மோதிச் சிதறி, வட்டத்துக்கு வெளியே போகும். கேபிள் போகும் சுவர்த்துளை, கன்வேயர் திறப்பு, டக்ட், கதவின் அடியிடுக்கு, மழைநீர்ச் சாக்கடை ஆகிய எல்லாமே பொறிக்கு வழி. எண்ணெய்க் கழிவு கலந்த சாக்கடையின் மூடியை ஈரமண் போட்டு அடைக்காமல் மேலே வெட்டத் தொடங்குவது, கீழே இருக்கும் ஆவிக்கு நாமே தீக்குச்சி கிழித்துப் போடுவதற்குச் சமம். இவற்றோடு, பொறியே போகாத இடத்துக்கும் வெப்பம் போகும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தகரச் சுவரின் இந்தப் பக்கம் பிராக்கெட் வெல்டிங் நடக்கும்போது, அந்தப் பக்கம் ஒட்டியிருக்கும் ஃபோம் இன்சுலேஷனோ, சாய்த்து வைத்த அட்டைப்பெட்டியோ எந்தப் பொறியும் இல்லாமலே பற்றிக்கொள்ளும்.

ஜெர்மனியின் டுசெல்டார்ஃப் விமான நிலையத்தில் 1996 ஏப்ரல் 11 அன்று நடந்ததை இதற்குப் பாடமாகப் பயிற்சி வகுப்புகளில் சொல்வதுண்டு. முனையக் கட்டடத்துக்கு மேலே செல்லும் சாலையின் விரிவிணைப்பில் (எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட்டில்) வெல்டிங் நடந்துகொண்டிருந்தது. வேலை செய்தவர்கள் நின்றது திறந்த வெளிச் சாலையில். அவர்கள் கண்ணுக்கு எரியக்கூடியது எதுவும் தெரிந்திருக்காது. உருகிய உலோகம் இணைப்பின் வழியாகக் கீழே ஒழுகி, ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே இருந்த பாலிஸ்டைரீன் இன்சுலேஷனில் விழுந்தது. பதினேழு பேர் இறந்தார்கள்.

அடுத்தது நேரம். ஃபயர் வாட்ச், அதாவது தீக்காவலர், என்று பெயர் எழுதப்படுபவர் பெரும்பாலும் வெல்டரின் ஹெல்ப்பராகவே இருப்பது நம் தளங்களில் மிகப் பரவலான தவறு. ராடு எடுத்துக் கொடுக்கவும், கேபிளை இழுக்கவும், டீ வாங்கி வரவும் அவரே போவார் என்றால், பொறியைப் பார்க்க அங்கே யாரும் இல்லை என்றுதான் பொருள். தீக்காவலுக்கு நிற்பவருக்கு வேறு வேலை இருக்கக் கூடாது. அலாரம் எங்கே இருக்கிறது, யாரைக் கூப்பிட வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும். வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னது காகிதத்தில் எல்லோருக்கும் உண்டு. கான்ட்ராக்டரின் தினக்கூலி ஆள் தன் மேஸ்திரியைப் பார்த்து 'நிறுத்துங்கள்' என்று சொல்வாரா என்பதை யோசித்துத்தான் அந்தப் பெயரை எழுத வேண்டும். வேலை மேல்தளத்தில் என்றால் கீழ்த்தளத்திலும், சுவரை ஒட்டியது என்றால் மறுபக்கத்திலும் தனி ஆள் தேவைப்படும். ஒருவர் ஒரு நேரத்தில் ஓரிடத்தில்தான் நிற்க முடியும்.

வேலை முடிந்த பிறகு எவ்வளவு நேரம் நிற்க வேண்டும்? நெடுங்காலமாக அரை மணி நேரம் என்பதே வழக்கம். என்எஃப்பிஏ 51பியின் 2019ஆம் ஆண்டுப் பதிப்பு அதை ஒரு மணி நேரமாக உயர்த்தியது. பஞ்சு, மரத்தூள், சாக்கு, அட்டை, ரப்பர் போன்றவை இருக்கும் இடங்களில் அந்த ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் சில மணி நேரம் இடையிடையே வந்து பார்ப்பது அவசியம் என்பது என் கருத்து. பஞ்சுப் பொதியின் நடுவில் புகுந்த நெருப்புக்கு அவசரமே இல்லை. அதனால் ஷிப்ட் முடியும் நேரத்தில் தொடங்கும் கட்டிங் வேலைக்கு நான் கையெழுத்துப் போடுவதில்லை. ஐந்து மணிக்கு வேலை முடிந்தால் ஆறரைக்கு அங்கே நிற்கப் போவது யார் என்ற கேள்விக்குப் பதில் வராது.

அணைக்கும் கருவியிலும் இதே பிசகு நடக்கிறது. டிசிபி எனப்படும் உலர் ரசாயனப் பவுடர் மேலே தெரியும் தழலை அடக்கும். பஞ்சுக்குள் கனலும் நெருப்பை அது தொடாது. அங்கே தண்ணீர் ஹோஸ் தயாராக இருக்க வேண்டும், மின் பேனல் அருகில் என்றால் சிஓ2. எரிபொருளை அகற்ற முடியாத இடத்தில் ஃபயர் பிளாங்கெட்டுக்குப் பதிலாகத் தார்ப்பாயைப் போர்த்துவதும், ஈரச்சாக்கை விரிப்பதும் பழக்கமாகிவிட்டது. தார்ப்பாய் தானே எரியும் பொருள். ஈரச்சாக்கோ, சித்திரை வெயிலில் கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். அதன் பிறகு அது வெறும் சாக்கு.

காலி பாத்திரங்களால் வரும் ஆபத்து வேறு வகை, இன்னும் கொடியது. 200 லிட்டர் டீசல் டிரம்மை வெட்டித் தொட்டியாக்குவதும், லாரியின் டேங்க்கைக் கழற்றி ஓட்டையை அடைப்பதும் சாலையோரப் பட்டறைகளில் அன்றாடம் நடப்பவை. 'காலி டிரம்தானே' என்ற சொல்லில்தான் தவறு தொடங்குகிறது. நிறைந்த டிரம்மில் ஆவிக்கும் காற்றுக்கும் இடமில்லை; காலி டிரம்மில் இரண்டும் கலந்து நிற்கின்றன. அறை வெப்பத்தில் டீசல் அதிகம் ஆவியாகாது என்பது உண்மைதான். ஆனால் மடிப்பிலும் தையலிலும் ஒட்டியிருக்கும் படலத்தை டார்ச்சின் சூடே ஆவியாக்கிவிடும். மூடியைத் திறந்து இரண்டு நாள் வெயிலில் வைப்பதோ, கம்ப்ரஸர் காற்றை ஊதுவதோ சுத்தம் செய்தல் ஆகாது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 37(4) பிரிவு இதை ஐயத்துக்கு இடமின்றி எழுதி வைத்தது: வெடிக்கும் அல்லது எரியும் பொருள் இருக்கும் அல்லது முன்பு இருந்த எந்தத் தொட்டியையும், அந்தப் பொருளையும் அதன் ஆவியையும் அகற்றாமலோ, தீங்கற்றதாக ஆக்காமலோ வெல்டிங்குக்கோ கட்டிங்குக்கோ உட்படுத்தக் கூடாது, வேலை முடிந்த பிறகும் உலோகம் ஆறும்வரை அப்பொருளை உள்ளே விடக் கூடாது. 'முன்பு இருந்த' என்ற சொற்களைக் கவனிக்க வேண்டும்.

கேஸ் டெஸ்ட், அதாவது தொட்டிக்குள் எரிவாயு இருக்கிறதா என்ற சோதனை, செய்கிறவர்களும் தவறுகிறார்கள். காலை எட்டு மணிக்கு மேன்ஹோல் வாசலில் மீட்டரைக் காட்டிப் 'பூஜ்யம்' என்று எழுதிவிட்டு, அந்த எண்ணை நம்பி மாலைவரை வேலை செய்வது முதல் தவறு. எல்பிஜி காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது, அடியில் கிடக்கும். மீத்தேன் மேலே ஏறும். எனவே மேல், நடு, அடி என மூன்று மட்டத்திலும் பார்க்க வேண்டும், உணவு இடைவேளைக்குப் பிறகு மீண்டும் பார்க்க வேண்டும். இரண்டாவது தவறு நுட்பமானது. நைட்ரஜன் விட்டு வெளியேற்றிய தொட்டிக்குள் சாதாரண மீட்டர் 'எரிவாயு இல்லை' என்று காட்டலாம். அதன் சென்சார் வேலை செய்வதற்கே ஆக்ஸிஜன் வேண்டும் என்பதே காரணம். அதனால்தான் முதலில் ஆக்ஸிஜன் அளவு, பிறகு எரிவாயு, பிறகு நச்சுவாயு என்ற வரிசை ஏற்பட்டது.

அமெரிக்காவின் பஃபலோ நகருக்கு அருகில் உள்ள டூபான்ட் ரசாயன ஆலையில் 2010 நவம்பர் 9 அன்று, ஒரு தொட்டியின் மேல் கலக்கியின் தாங்கியை வெல்டிங் செய்துகொண்டிருந்தார்கள். தொட்டிக்கு வெளியே காற்றைச் சோதித்திருந்தார்கள், உள்ளே சோதிக்கவில்லை. பிற தொட்டிகளோடு இணைந்திருந்த குழாய் வழியாக எரியும் வாயுவான வினைல் ஃபுளோரைடு உள்ளே வந்து சேர்ந்திருந்தது. வெடிப்பில் ஒப்பந்த வெல்டர் இறந்தார், மேற்பார்வையாளர் காயமடைந்தார். வால்வை மூடிவிட்டோம் என்பதை மட்டும் நம்பாமல் பிளைண்ட் (குழாயை முழுதாக மறிக்கும் தட்டு) போட்டு அடைக்கச் சொல்வதற்கும், 'இந்தத் தொட்டியோடு வேறு எது இணைந்திருக்கிறது' என்று ஆபரேட்டரைக் கூப்பிட்டுக் கேட்கச் சொல்வதற்கும் காரணம் இதுதான். கான்ட்ராக்டரின் வெல்டருக்கு அந்தக் குழாய் எங்கே போகிறது என்பது தெரிந்திருக்க நியாயமில்லை.

சிலிண்டர் விஷயத்தில் சொல்லப்படாதது எதுவும் இல்லை. ஆனாலும் அசிட்டிலீன் சிலிண்டரைப் படுக்க வைத்து உருட்டியபடியே வேலை செய்வதை இன்றும் பார்க்கிறோம். உள்ளே இருக்கும் அசிட்டோன் வாயுவோடு சேர்ந்து வெளியேறும் என்பதால் அதை நிறுத்தியே வைக்க வேண்டும். தீ ஹோஸ் வழியாகத் திரும்பிப் போவதைத் தடுக்கும் ஃபிளாஷ்பேக் அரெஸ்டர் இல்லாத ஹோஸும், கம்பி சுற்றி இறுக்கிய கிளிப்பும், எண்ணெய்க் கையால் தொட்ட ஆக்ஸிஜன் ரெகுலேட்டரும் பெர்மிட்டை நிறுத்தி வைக்கப் போதுமான காரணங்கள். உடம்பில் படிந்த தூசியை ஆக்ஸிஜன் ஹோஸால் ஊதித் தட்டுவதும், தொட்டிக்குள் புழுக்கமாக இருக்கிறது என்று ஆக்ஸிஜனைத் திறந்து விடுவதும் உயிரை எடுக்கும் பழக்கங்கள். காற்றில் 20.9 விழுக்காடு இருக்க வேண்டிய ஆக்ஸிஜன் 23.5 விழுக்காட்டைத் தாண்டினாலே செறிவு மிகுந்த ஆபத்தான நிலை எனக் கொள்ளப்படுகிறது; அந்தக் காற்று ஊறிய சட்டையில் ஒரு பொறி பட்டால் தட்டி அணைக்க முடியாது. சாப்பிடப் போகும்போது டார்ச்சையும் ஹோஸையும் தொட்டிக்குள்ளேயே விட்டுப் போகக் கூடாது என்பதும் இதனால்தான். டார்ச் வால்வு சிறிது கசிந்தாலும், திரும்பி வரும்போது உள்ளே இருப்பது வேறு காற்று.

வெல்டிங் மின்னோட்டம் திரும்பிப் போகும் எர்த் கிளாம்பைக் கைக்கு எட்டிய ஏதாவது ஒரு தூணில் கவ்வவிடுவதும் தவறுதான். வெல்டிங் மின்னோட்டம் கட்டடச் சட்டம் முழுவதும் சுற்றித் திரும்பும்போது, வழியில் எங்கோ தளர்ந்த போல்ட் மூட்டு ஒன்று சூடாகி, 11 மீட்டர் வட்டத்துக்கு வெகு தொலைவில் பொறி தெறிக்கும். கிளாம்ப் வேலைத்துண்டிலேயே, வெல்டிங் இடத்துக்கு அருகில் இருக்க வேண்டும். கிரைண்டர், கட்-ஆஃப் வீல் ஆகியவற்றுக்குப் பெர்மிட் வேண்டாம் என்ற நினைப்பும் தவறு. பொறியைப் பறக்கவிடும் எதுவும் ஹாட் ஒர்க்தான்.

பெர்மிட்டை மூடும் கட்டம்தான் படிவத்தில் மிக அலட்சியமாக நிரப்பப்படுவது. மறுநாள் காலையில் எல்லாப் படிவங்களையும் மொத்தமாக அடுக்கி 'மூடப்பட்டது' என்று எழுதும் இடங்கள் உண்டு. வெல்டிங் புகையால் அலாரம் அடிக்கக் கூடாது என்று அந்தப் பகுதியின் ஸ்மோக் டிடெக்டரை அணைத்து வைத்திருப்பார்கள். மூடும்போது அதைத் திரும்ப இயக்கினார்களா என்பதை யாராவது போய்ப் பேனலில் பார்த்தால்தான் தெரியும். ஷிப்ட் மாறும்போது பழைய பெர்மிட்டிலேயே புதிய ஆட்கள் தொடர்வதும் கூடாது. காலையில் காலியாக இருந்த இடத்தில் மதியம் பெயின்ட் டின்னும் தின்னரும் வந்து இறங்கியிருக்கலாம். எங்கள் தளத்தில் மூடும் கையெழுத்தை இப்போது உட்கார்ந்த இடத்திலிருந்தே போட முடியாது. தீக்காவலர், வேலை முடிந்த நேரத்தையும் தான் கடைசியாகச் சுற்றிப் பார்த்த நேரத்தையும் தனித்தனியாக எழுத வேண்டும். கீழ்த்தளம், சுவரின் மறுபக்கம், டக்ட், சாக்கடை என்று தான் போய்ப் பார்த்த இடங்களைத் தன் கைப்பட எழுத வேண்டும். அதற்கு டிக் போடும் கட்டமே கிடையாது. ஒடியாவிலும் இந்தியிலும் எழுதுகிறவர்கள் அந்த மொழிகளிலேயே எழுதுகிறார்கள்.