கால்குலேட்டரில் நிலைப்புள்ளி பிடிப்பது எப்படி?

கொடைக்கானல் வானாய்வகத்தில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சூரியனைப் படமெடுத்து வருகிறார்கள். சூரிய வட்டு ஜனவரியில் சற்றுப் பெரிதாகவும் ஜூலையில் சற்றுச் சிறிதாகவும் தெரியும். பூமி நீள்வட்டத்தில் சுற்றுவதே காரணம். ஒரு குறிப்பிட்ட நாளில் பூமி அந்தப் பாதையில் எங்கே இருக்கும்? பள்ளிக் கால்குலேட்டரிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

படி 1: சமன்பாட்டை எழுதுங்கள்

ஜனவரி 3 வாக்கில் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருக்கும். அதிலிருந்து 58 நாள் தள்ளி, அதாவது மார்ச் தொடக்கத்தில், சராசரிக் கோணம் (பூமி ஒரே சீரான வேகத்தில் சுற்றினால் கடந்திருக்கும் கோணம்) ஏறக்குறைய 1 ரேடியன், அதாவது சுமார் 57 டிகிரி. பாதையின் மையப்பிறழ்வு, அதாவது வட்டத்திலிருந்து அது எவ்வளவு விலகி நீண்டிருக்கிறது என்பதன் அளவு, 0.0167. நாம் தேடும் கோணம் ச என்றால் வானியலாளர் கெப்ளர் சொல்வது:

ச = 1 + 0.0167 × சைன்(ச)

இதில் ச-வை மட்டும் தனியே பிரித்தெடுக்க வழியில்லை. ஆனால் வலப்பக்கம் எதைப் போடுகிறோமோ அதுவே விடையாகத் திரும்பி வந்தால், அதுதான் நாம் தேடும் எண். அதன் பெயர் நிலைப்புள்ளி.

படி 2: போட்டுப் போட்டுப் பாருங்கள்

முதலில் கால்குலேட்டரை ரேடியனுக்கு மாற்றுங்கள். டிகிரியில் விட்டால் தப்பான விடை வரும், அதுவும் நம்பும்படியாகவே வரும். 1-இல் தொடங்கி, வந்த விடையை மறுபடி மறுபடி உள்ளே போடுங்கள்:

1 → 1.014053 → 1.014178 → 1.014179

அவ்வளவுதான், இனி ஆறாம் தசமம் வரை நகராது. 100-இல் தொடங்கினாலும் இங்கேதான் வந்து நிற்கும். எனக்கு இந்தக் கணக்கில் மிகப் பிடித்த இடம் இதுதான். எந்த இரண்டு எண்களைப் போட்டாலும், வெளிவரும் விடைகளின் இடைவெளி பழைய இடைவெளியில் 0.0167 பங்கைத் தாண்டாது. இப்படி 1-க்குக் குறைவான ஒரே விகிதத்தில் எப்போதும் சுருங்கினால், நிலைப்புள்ளி ஒன்றே ஒன்று உண்டு, எங்கே தொடங்கினாலும் அங்கே ஒருங்கும் (நெருங்கி வந்து சேரும்) என்று 1922-இல் போலந்துக் கணிதவியலாளர் பனாக் நிறுவினார். ஹாலி வால்நட்சத்திரத்துக்கு மையப்பிறழ்வு சுமார் 0.967. அதுவும் ஒருங்கும், ஆனால் சூரியனை நெருங்கும் நாட்களில் மிக மெதுவாக.

படி 3: ஒருங்காவிட்டால் சராசரி எடுங்கள்

ச = 3/ச எடுத்துக்கொள்ளுங்கள். 1 போட்டால் 3, 3 போட்டால் 1. இப்படியே ஆடிக்கொண்டிருக்கும். நிலைப்புள்ளியில் சாய்வு (போடும் எண் சற்று மாறினால் விடை அதைப்போல் எத்தனை மடங்கு மாறும் என்பது) −1 என்பதால் இடைவெளி சுருங்கவே இல்லை. சரி, பழைய எண்ணையும் புது விடையையும் கூட்டிப் பாதியாக்குங்கள்:

1 → 2 → 1.75 → 1.732143 → 1.732051

3-இன் வர்க்கமூலம் வந்துவிட்டது! இப்படிச் சராசரி எடுத்துச் செல்லும் முறையை 1953-இல் கணிதவியலாளர் ராபர்ட் மேன் பொதுமைப்படுத்தினார்.

அப்புறம் ச = காஸ்(ச) போட்டுப் பாருங்கள். 0.739085-க்கு வரும், ஆனால் நிறைய தடவை அழுத்த வேண்டும். சராசரி எடுத்தும் ஒருமுறை செய்து, எது சீக்கிரம் வருகிறது என்று எண்ணுங்கள்.