ஃபேமஸ் ஃபைவ்: எதை முதலில் கொடுப்பது?

ஆங்கிலச் சிறுவர் எழுத்தாளர் எனிட் பிளைட்டனின் ‘ஃபேமஸ் ஃபைவ்’ வரிசையில், நான்கு பிள்ளைகளும் ஒரு நாயும் துப்புத் துலக்கும் 21 சாகச நாவல்கள். 1942-இல் வந்த முதல் கதையைப் பிள்ளைகளுக்கு முதலில் கொடுங்கள். ஜார்ஜ், டிம்மி நாய், இடிந்த கோட்டை நிற்கும் கிர்ரின் தீவு எல்லாம் அதில்தான் அறிமுகம். அதன்பிறகு வரிசை முக்கியமில்லை.

நீங்களே வாசித்துக் காட்டுவதானால் இடைவெளி விடுங்கள். சுரங்கமும் கள்ளக் கும்பலும் திரும்பத் திரும்ப வரும்; நமக்குத்தான் சலிக்கும், பிள்ளைகளுக்கு அதுதான் ருசி! சாப்பாட்டு வேலையெல்லாம் ஆன் என்ற சிறுமியின் தலையில் விழுவது எனக்கு அறவே பிடிக்கவில்லை. அங்கே நிறுத்தி, ‘அவள் அண்ணன் ஜூலியன் ஏன் பாத்திரம் கழுவக்கூடாது?’ என்று கேளுங்கள்.

மயிலாடுதுறைப் பக்கத்தவர்கள் முதல் கதை முடிந்ததும் தரங்கம்பாடிக்கு அழைத்துப்போகலாம். 1620-இல் டேனிஷ்காரர்கள் எழுப்பிய கோட்டை கடலைப் பார்த்தபடி நிற்கிறது. அதன் வரைபடத்தைப் பிள்ளைகளே வரையட்டும்.