நிலவறையில் தக்காளிப் பந்தல்

செப்டம்பர் நடுப்பகுதி வந்ததும் ரொறன்ரோவில் இரவு வெப்பநிலை பத்து பாகை செல்சியஸை நெருங்கத் தொடங்கிவிடும். அதற்குக் கீழே தக்காளிச் செடி உயிரோடு நிற்குமே தவிர வளராது. குளிர்காலத்தில் வீட்டுக்குள் வளர்ப்பதற்கான தண்டுத் துண்டுகளை அதற்கு முன்பே வெட்டிவிட வேண்டும். உறைபனி வரப்போகிறது என்ற அறிவித்தலைக் கேட்டபின் டார்ச் லைட்டோடு ஓடிப்போய் வெட்டும் துண்டு வேர்விடத் தயங்கும். இலையடியில் இருக்கும் பூச்சியும் அந்த அவசரத்தில் கண்ணில் படாது.

நான் வளர்ப்பது சன்கோல்ட் என்ற செம்மஞ்சள் நிறச் சிறு தக்காளி. ஜப்பானின் தொக்கிதா நிறுவனம் உருவாக்கிய கலப்பினம் அது. பழத்திலிருந்து விதை எடுத்து நட்டால் பிள்ளைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி வரும். தாயின் இனிப்பு வருவது அதிர்ஷ்டம். துண்டு வெட்டி வளர்த்தால் அந்தத் தாய்ச்செடியே தொடர்கிறது. அதே இனிப்பு, அதே நிறம், அதே வேகம். ஸ்காபரோவில் எங்கள் வீட்டு நிலவறையில் ஜனவரியில் பறிக்கும் பழம், கோடையில் வேலியோரம் நின்ற செடியின் பழம்தான். மிகச் சிறந்த செடி எது என்று கோடை முழுவதும் பார்த்திருப்பீர்கள். அதிலிருந்துதான் வெட்ட வேண்டும். இலை சுருண்ட செடி, திட்டுத்திட்டாக மஞ்சளடித்த செடி எவ்வளவு காய்த்திருந்தாலும் வேண்டாம். தாயிடம் வைரஸ் இருந்தால் துண்டிலும் இருக்கும்.

இலைக்காம்பும் தண்டும் சேரும் கக்கத்தில் முளைக்கும் பக்கக் குருத்துதான் நமக்குத் தேவை. ஒரு சாண் நீளத்துக்குக் கொஞ்சம் குறைவாக, பென்சில் தடிப்பில், பூ மொட்டு இல்லாததாகப் பாருங்கள். மொட்டு இருந்தால் கிள்ளிவிடுங்கள். காலையில் வெட்டுங்கள், செடியில் தண்ணீர் நிறைந்திருக்கும் நேரம் அது. கையில் சிகரெட் வாடை இருந்தால் முதலில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். புகையிலையில் இருக்கக்கூடிய தேமல் வைரஸ் தக்காளியையும் தாக்கும். கீழ் இலைகளை எடுத்துவிட்டு நுனியில் இரண்டு மூன்று இலைகளை மட்டும் விடுங்கள். பிறகு ஒவ்வோர் இலையையும் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளை ஈயோ அசுவினியோ ஒன்று உள்ளே வந்தாலும், அதைத் தின்ன எதிரியே இல்லாத நிலவறையில் அது பெருகிவிடும். பூச்சிக்கொல்லிச் சோப்புக் கரைசலில் துண்டு முழுவதையும் ஒருமுறை தோய்த்தெடுப்பது பிறகு வரும் பெரிய தலைவலியைத் தவிர்க்கும்.

வேர்விட வைப்பதில் பெரிய வித்தை எதுவும் கிடையாது. தக்காளித் தண்டின் கீழ்ப்பகுதியைத் தடவிப் பார்த்தால் சிறு புடைப்புகள் தெரியும். அவை வேராகக் காத்திருக்கும் முளைகள். வேர் ஊக்கிப் பொடி வாங்கிக் காசை வீணாக்க வேண்டாம். வெளிச்சம் புகாத குவளையில் தண்ணீர் ஊற்றி, துண்டை நிறுத்தி, நேரடி வெயில் படாத ஓரிடத்தில் 21 முதல் 25 பாகைச் சூட்டில் வையுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றினால் போதும். ஒரு வாரம், பத்து நாளில் வெள்ளை வேர்கள் தொங்கும். அவை இரண்டு விரற்கடை நீளம் வந்ததும் மண்ணுக்கு மாற்றிவிடுங்கள். அழகாக இருக்கிறதே என்று நீளவிட்டால், தண்ணீருக்குப் பழகிய வேர் மண்ணில் திணறும்.

மண் என்று சொன்னாலும் தோட்டத்து மண்ணை உள்ளே கொண்டுவராதீர்கள். சாடியில் அது இறுகிப்போகும், பூச்சியும் கூடவே வரும். பீட் (மக்கிய பாசி) கலவையில் நான்கில் ஒரு பங்கு பெர்லைட் (பொரித்த எரிமலைக்கல் மணிகள்) சேர்த்து, அடியில் துளையிட்ட இருபது லீட்டர் வாளியை நிரப்புங்கள். துண்டைக் கீழ்க் கணுக்கள் வரை புதைத்து நடுங்கள். புதைந்த கணுக்களிலிருந்தும் வேர் வரும்.

இனி பந்தல். சன்கோல்ட் கட்டுப்பாடில்லாமல் ஏறும் இனம். வெளியே விட்டால் ஆளுயரம் தாண்டிப் போகும். எங்கள் நிலவறையின் கூரை ஏழடி. வாளி, அதன் கீழே வைக்கும் தாங்கி, மேலே தொங்கும் விளக்கு, விளக்குக்கும் இலைக்கும் இடையில் விட வேண்டிய இடைவெளி எல்லாவற்றையும் கழித்தால் செடிக்கு மிஞ்சுவது ஒரு மீட்டர்கூட இல்லை. அதைவிட முக்கியம், எல்.ஈ.டி. விளக்கிலிருந்து கீழே இறங்கும் ஒவ்வொரு சாணுக்கும் வெளிச்சம் குறைந்துகொண்டே போகும். நேராக ஏறவிட்டால் உச்சிக் கொத்து கருகும், கீழ்க் கொத்து நிழலில் பூவோடு உதிரும். கிடையாகக் கட்டிய வலையில் செடியைப் படுக்கவைத்து விரித்தால் எல்லா இலைகளும் விளக்குக்கு ஒரே தூரத்தில் இருக்கும். யாழ்ப்பாணத்துத் திராட்சைப் பந்தலைப் பார்த்தவர்களுக்கு இதைக் கூடுதலாக விளக்க வேண்டியதில்லை. மேலே இலை, கீழே குலை.

இங்கே வலைப் பந்தலை வீட்டுக்குள் பரவலாக்கியவர்கள் கஞ்சா வளர்ப்பவர்கள். 2018 அக்டோபர் 17 அன்று கனடாவில் அது சட்டபூர்வமாகி, ஒன்ராறியோவில் வீட்டுக்கு நான்கு செடி என்று அனுமதி வந்தபின், விளக்கும் வலையும் காற்றாடியும் சாதாரணத் தோட்டக் கடைகளிலேயே கிடைக்கின்றன. அந்தச் செடியில் எனக்கு அக்கறை இல்லை. அவர்களுக்காக வந்த சாமான்கள் தக்காளிக்கு அருமையாகப் பொருந்துகின்றன என்பதுதான் எனக்கு முக்கியம்.

நான்கடிக்கு இரண்டடி இடத்துக்கு இரண்டு செடி போதும். மூன்றாவது செடியை வைக்க ஆசை வரும், வைக்காதீர்கள். அரை அங்குல பி.வி.சி. குழாயில் அதே அளவுக்குச் சட்டம் செய்து, ஆறங்குலக் கண்ணுள்ள வலையை இறுக்கிக் கட்டுங்கள். சட்டம் வாளியின் விளிம்பிலிருந்து ஐம்பது சென்டிமீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும். கஞ்சாவுக்கு இதைவிடத் தாழ்வாகக் கட்டுவார்கள். அங்கே பூ வலைக்கு மேலே நிற்கும். தக்காளிக் கொத்து வலைக்குக் கீழே ஒரு சாண், ஒன்றரைச் சாண் தொங்கும். பறிக்கவும் தண்ணீர் ஊற்றவும் கை நுழைய இடமும் வேண்டும்.

விளக்கு, உண்மையில் 200 வாட் இழுக்கும் வெள்ளை எல்.ஈ.டி. பெட்டியில் 1000, 2000 என்று அச்சிட்டிருப்பதை நம்பாமல், சுவரிலிருந்து எத்தனை வாட் எடுக்கிறது என்று பாருங்கள். பந்தலுக்கு மேலே நாற்பது சென்டிமீட்டர் உயரத்தில் தொங்கவிட்டு, முதல் வாரம் பாதி வெளிச்சத்தில் தொடங்குங்கள். நாளுக்குப் பதினாறு மணி நேரம் வெளிச்சம், எட்டு மணி நேரம் இருட்டு. இருபத்துநான்கு மணி நேரமும் எரியவிட்டால் வேகமாக வளரும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஓயாத வெளிச்சம் தக்காளி இலையை வெளிறச் செய்து கெடுத்துவிடும். நான் பிற்பகல் மூன்று மணிக்கு ஏற்றி, காலை ஏழு மணிக்கு அணைக்கிறேன். ஒன்ராறியோவின் நேரவாரி மின்கட்டணத்தில் வார நாட்களில் இரவு ஏழு முதல் காலை ஏழு வரை குறைந்த விலை. பதினாறில் பன்னிரண்டு மணி நேரம் அதற்குள் அடங்கிவிடுகிறது. நாளுக்கு மூன்று யூனிட்டுக்குச் சற்று மேல் செலவாகும். மின்வடம் தொய்ந்து தொங்கி, பிளக்கை விடத் தாழ்ந்த இடம் ஒன்று இருக்குமாறு விடுங்கள். வழியும் தண்ணீர் அங்கே சொட்டிவிடும், பிளக்கைத் தொடாது.

தண்டு வலையை நெருங்கும்வரை செடியை ஒற்றைக் கயிற்றில் நேராக ஏறவிடலாம். வலைக்கு ஒரு கை அகலம் கீழே வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். கிள்ளியபின் கக்கங்களிலிருந்து குருத்துகள் புறப்படும். அவற்றில் வலுவான நான்கை வைத்துக்கொண்டு மற்றவற்றை எடுத்துவிடுங்கள். இரண்டு செடிக்கு எட்டுக் கிளை, எட்டுத் திசை. இந்தக் கட்டத்தில் கீழே பூங்கொத்து ஒன்று எட்டிப்பார்க்கும். முதிர்ந்த தாயிலிருந்து வெட்டிய துண்டு சீக்கிரமே பூக்கும். அந்த முதல் கொத்தை எடுத்துவிட வேண்டும். மனம் வராதுதான். ஆனால் பந்தல் நிறையுமுன் காய்க்கத் தொடங்கிய செடி காய்க்கே உழைக்கும், விரியாது. கஞ்சாவில் வெளிச்ச நேரத்தைக் குறைத்துப் பூக்கவைப்பார்கள். தக்காளிக்குப் பகல் நீளம் ஒரு பொருட்டில்லை, அது தன்பாட்டில் பூக்கும். ஆகவே பந்தல் நிறையும்வரை பொறுத்திருப்பது நம் விரல்களின் பொறுப்பு.

வளைப்பதில்தான் கைப்பழக்கம் வேண்டும். தண்ணீர் குடித்து நிமிர்ந்து நிற்கும் தக்காளித் தண்டு டக்கென்று முறியும். தண்ணீர் ஊற்றுவதற்கு முன், இலைகள் மிக லேசாகத் தளர்ந்திருக்கும் நேரத்தில் வளையுங்கள். நுனியிலிருந்து நான்கு விரற்கடை கீழே தண்டு இன்னும் பச்சையாக, மயிர் அடர்ந்து, விரலுக்கு மெத்தென்றிருக்கும் ஓரிடம் உண்டு. அந்த இடத்தை இரண்டு கைகளின் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே பிடித்து, இடப்பக்கமும் வலப்பக்கமுமாக மெல்ல உருட்டுங்கள். உள்ளே நார் இளகுவது விரலில் தெரியும். தெரிந்ததும் வலைக்குக் கீழே நுழைத்து, அடுத்த கண்ணின் வழியாக நுனியை மட்டும் மேலே விடுங்கள். மறுநாள் பார்த்தால் நுனி மறுபடி விளக்கை நோக்கி நிமிர்ந்திருக்கும். வலைக்கு மேல் ஒரு கை அகலம் எழும்பியதும் மீண்டும் கீழே நுழைத்து அடுத்த கண்ணுக்கு ஓட்டுங்கள். தண்டு பாதி மடிந்துவிட்டால் பதற வேண்டாம். மடிந்த இடத்தில் நாடா சுற்றி அசையாமல் வைத்தால் முடிச்சுக் கட்டி ஆறிவிடும். விரலெல்லாம் பச்சை படிந்து கறுக்கும், தக்காளி வாடை இரண்டு சோப்புக்கும் போகாது. எனக்கு அந்த வாடை பிடிக்கும்.

படுத்த தண்டின் ஒவ்வொரு கணுவிலிருந்தும் புதுக் குருத்து மேலே வரும். அதை விரல் நீளத்துக்குள்ளேயே கிள்ளிவிடுங்கள். ஒரு வாரம் பார்க்காமல் விட்டால் பந்தல் புதராகிவிடும்.

உரத்துக்கு நான் பயன்படுத்துவது 4-18-38 (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியச் சத்துகளின் அளவு) தக்காளி உரம், எப்சம் உப்பு, கால்சியம் நைட்ரேட் மூன்றும். ஐந்து கேலன் வாளித் தண்ணீருக்கு, அதாவது பத்தொன்பது லீட்டருக்கு, முறையே 12, 6, 12 கிராம். வரிசை முக்கியம். முதலிரண்டும் வாளித் தண்ணீரில் முழுதும் கரைந்த பிறகே கால்சியத்தைச் சேர்க்க வேண்டும். மூன்றையும் ஒரு கிண்ணத்தில் கட்டியாகக் கரைத்தால் வெள்ளையாகத் திரிந்து அடியில் படியும், செடிக்குப் போகாது. இளஞ்செடிக்குப் பாதி அளவு. வாளியைத் தூக்கிப் பார்த்துக் கனம் குறைந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள்.

பந்தலில் முக்கால்வாசி நிறைந்ததும் பூக்களை விட்டுவிடலாம். பூங்கொத்து வலைக்கு மேலே வந்தால் கண்ணின் வழியாக மெல்லக் கீழே இறக்கிவிடுங்கள். தக்காளிப் பூ தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். ஆனால் அதை அசைத்துவிடக் காற்றும் தேனீயும் நிலவறையில் இல்லை. மின்சாரப் பல்துலக்கியின் பின்புறத்தைக் கொத்தின் காம்பில் இரண்டு வினாடி வையுங்கள். பூவைத் தொட வேண்டாம். விளக்குக்கு எதிரே பார்த்தால் மஞ்சள் தூள் மெல்லியதாக உதிர்வது தெரியும். எங்கள் விளக்கு மூன்று மணிக்கு எரிவதால், இரவுச் சாப்பாட்டுக்கு முன் இறங்கிப்போய் இதைச் செய்கிறேன். அந்த நேரம் பூக்கள் நன்றாக விரிந்திருக்கும். வெளிச்ச நேரத்தில் 22 முதல் 26 பாகை, இருட்டில் 16 முதல் 18 பாகை என்றால் காய் நன்றாகப் பிடிக்கும். ஹீட்டர் ஓடும் ஜனவரியில் காற்று காய்ந்துவிடும். இலையின் மேல் ஊசி குத்தியது போன்ற வெளிர்ப்புள்ளிகள் தெரிந்தால் சிலந்திப்பேன் வந்துவிட்டது என்று பொருள். அடிப்பக்கத்தைச் சோப்புக் கரைசலால் மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை கழுவுங்கள். மண்ணில் கொசு போன்ற சிறு ஈ பறந்தால் மேல்மண்ணைக் காயவிடுங்கள், மஞ்சள் ஒட்டு அட்டை ஒன்றைச் செருகுங்கள்.

காய் பிடித்தபின் வலைக்குக் கீழே வெளிச்சம் காணாத இலைகளை வாரத்துக்கு இரண்டு மூன்றாக எடுத்துவிடுங்கள். கிளைகள் சட்டத்தின் விளிம்பை அடைந்ததும் கடைசிக் கொத்துக்கு மேல் இரண்டு இலை விட்டு நுனியைக் கிள்ளுங்கள். பூவிலிருந்து பழத்துக்கு ஆறு, ஏழு வாரம். செப்டம்பர் நடுவில் வெட்டிய துண்டு தைப்பொங்கலையொட்டிப் பழுக்கத் தொடங்கும். மஞ்சள் நிறத்தில் பறிக்காதீர்கள், புளிக்கும். அடர்ந்த செம்மஞ்சள் வரும்வரை விட வேண்டும். சன்கோல்ட்டின் தோல் மெல்லியது. பழுக்கும் நாட்களில் மண்ணைக் காயவிட்டு ஒரேயடியாக ஊற்றினால் வெடித்துவிடும். சிறிது சிறிதாக ஊற்றுங்கள். இந்தப் பழத்தை ரசத்துக்கோ சொதிக்கோ போட்டு வீணாக்க வேண்டாம். அறைச் சூட்டில், பச்சையாக, பறித்த கையோடு சாப்பிட வேண்டியது. ஃபிரிட்ஜில் வைத்தால் மணம் போய்விடும்.

ஏப்ரல் நடுவில் பந்தல் களைத்திருக்கும். அப்போது நல்ல நிலையில் இருக்கும் குருத்துகளில் சிலவற்றை மறுபடி வெட்டித் தண்ணீரில் போடுங்கள். மே மாதத்தில் விக்டோரியா தின வார இறுதி வரை அவை சிறு சாடிகளில் உள்ளே நிற்கட்டும். வெளியே நடுவதற்கு முன் ஒரு வாரம் பழக்க வேண்டும்: முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு நாளுக்கு நாள் கூட்டி, கடைசி இரண்டு நாள் இரவிலும் வெளியே. விளக்கின் கீழ் வளர்ந்த இலை முதல் நாளே நேர் வெயிலைக் கண்டால் வெள்ளையாக வெந்துவிடும்.