கறுப்பு பிளாஸ்டிக்கும் கிரில்லும் வெளுக்காமல் இருக்க

காரை நிழலில் நிறுத்தி, பானெட் சூடு ஆறிய பிறகு கழுவுங்கள். சூட்டில் ஷாம்பு காய்ந்தால் டிரிம்மில், அதாவது காரின் வெளிப்புறக் கறுப்பு பிளாஸ்டிக் பாகங்களில், திட்டுத் திட்டாகப் படிந்துவிடும்.

காரின் முகப்பில் வலைபோல் இருக்கும் கிரில்லில் ஒட்டிய பூச்சிகளைச் சுரண்டவே கூடாது. ஷாம்பு தண்ணீரில் நனைத்த மைக்ரோஃபைபர் துணியை 5 நிமிடம் அதன்மேல் போர்த்தி வையுங்கள். ஊறியதும் மென்மையான பிரஷ் பட்டாலே கழன்று வரும். பிரஷர் வாஷர் என்றால் ஓரடிக்கு மேல் தள்ளியே பிடியுங்கள். கிரில்லுக்குப் பின்னால் உள்ள ஏசி கண்டென்சரின் தகடுகள் மிக மெல்லியவை. அருகில் அடித்தால் மடங்கிப்போய் காற்று புகும் வழி அடைபடும்.

துடைத்த பிறகும் கிரில் இடுக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். பம்பரில் வரும் வெள்ளைப் புள்ளிகளுக்கு அதுவும் ஒரு காரணம். ப்ளோயரால் ஊதி வெளியேற்றி, மறுபடி ஒற்றி எடுங்கள்.

பெயிண்ட்டுக்குப் போடும் வாக்ஸ் கறுப்பு டிரிம்மில் பட்டால் அதன் சொரசொரப்புக்குள் வெள்ளையாகக் காய்ந்து நிற்கும். அதனால் ஓரங்களில் முதலிலேயே மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுவது நல்லது.

டிரிம் டிரெஸ்ஸிங்கை (கறுப்பு பிளாஸ்டிக்குக்கான பூச்சு), பிளாஸ்டிக் நன்றாகக் காய்ந்த பிறகு, ஸ்பாஞ்சில் இரண்டு மூன்று சொட்டு மட்டும் விட்டு மெல்லிசாகத் தடவுங்கள். 10 நிமிடம் கழித்து மிச்சத்தைத் துடைத்தெடுக்க மறக்காதீர்கள். விட்டுவிட்டால் அடுத்த மழையில் கதவின்மேல் கோடு கோடாக வழியும்.