விடுமுறை இல்லாத திருநாட்கள்: இராமநாதபுரம் கரைக்குப் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு

வெளிநாட்டில் வளரும் நம் பிள்ளைகளுக்கு ஆமை நாள், தேங்காய் நாள், தபால் அட்டை நாள் போன்றவை பழக்கமானவை. அரசு விடுமுறையும் கிடையாது, சடங்கும் கிடையாது. ஆனாலும் அன்று ஒரு குதூகலம் உண்டு. ஊருக்கு வந்தால் அவர்களுக்குக் கிடைப்பதோ இராமேஸ்வரத்தில் 22 தீர்த்தம், பிறகு ஓர் உறவினர் வீட்டு விருந்து, பிறகு இன்னோர் உறவினர் வீட்டு விருந்து. கோயிலையும் உறவையும் குறைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. பயணத் தேதிக்குள் இப்படி ஒரு நாள் வந்தால், அதைச் சாக்காக வைத்து ஒரு முழுப் பகலைப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்குங்கள். இந்தக் கடலும் அதை நம்பிப் பிழைக்கும் மக்களும் அவர்கள் மனத்தில் பதிய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

முதலில் காற்றைப் பாருங்கள். இராமேஸ்வரம் இருக்கும் பாம்பன் தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. முன்னதைப் பெண்கடல் என்றும் பின்னதை ஆண்கடல் என்றும் இங்கே சொல்வார்கள். கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும் கோடை மாதங்களில் தென்கரை கொந்தளிக்கும், வடகரை குளம்போல் கிடக்கும். வாடை தொடங்கிவிட்டால் நிலைமை தலைகீழ். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அப்போது நாட்டுப்படகு மீன்தான் கிடைக்கும், விலையும் கூடுதலாக இருக்கும்.

உலக நாள்காட்டியும் இந்தக் கரையும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. உலக ஆமை நாள் மே 23, கடலாமை நாள் ஜூன் 16. இங்கே பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி) முட்டையிட்டு, வனத்துறையின் பொரிப்பகங்களிலிருந்து குஞ்சுகள் கடலுக்குப் போவதெல்லாம் அதற்கு முன்பே பெரும்பாலும் முடிந்துவிடும். ஆமைக்காகவே வருவதென்றால் மார்ச், ஏப்ரலில் வந்து, குஞ்சு விடும் நாளை வனத்துறை அலுவலகத்தில் கேட்டு, அன்றைக்கே உங்கள் ஆமை நாளை வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசி விளக்கை அடிக்காதீர்கள்; குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துத் திசை மாறிவிடும்.

ஜூலை, ஆகஸ்டில் வருகிறவர்களுக்கு ஜூலை 26 பொருத்தமானது. யுனெஸ்கோ 2015இல் அறிவித்த அலையாத்திக் காடுகள் நாள் அது. திருவாடானைப் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய காரங்காட்டுக்குப் போங்கள். வடகரை என்பதால் கச்சான் காலத்திலும் தண்ணீர் அமைதியாக இருக்கும். வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து படகுச் சவாரி நடத்துகிறார்கள். நீர் வற்றிய சேற்றில் பென்சில் பென்சிலாக நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சுவேர்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். சாப்பாடு ஊர்ப் பெண்களின் கைப்பக்குவம்: நண்டு, இறால், கணவாய். "அக்கா, இன்றைக்கு என்ன மீன் வந்தது?" என்று பிள்ளைகளையே கேட்க விடுங்கள். நான்கு வகை மீனின் பெயர் தெரிந்துகொண்டு திரும்புவார்கள்.

செப்டம்பர் 2 உலகத் தேங்காய் நாள். தென்னை வளர்க்கும் ஆசிய பசிபிக் நாடுகள் 1969இல் தொடங்கிய கூட்டமைப்பின் பிறந்த நாள் அது. இதற்குக் கீழக்கரையை விட்டால் வேறு இடமில்லை, ஏனென்றால் தொதல் என்னும் தேங்காய்ப்பால் இனிப்பு அங்கேதான். அரிசி மாவையும் தேங்காய்ப்பாலையும் இனிப்புப் பாகையும் அடிகனமான பாத்திரத்தில் கை ஓயாமல் கிண்டுவார்கள். பால் வற்ற வற்ற எண்ணெய் பிரிந்து ஓரத்தில் மினுங்கும். மாவு கறுத்துத் திரண்டு கரண்டியோடு சேர்ந்து வரும். அந்தப் பதத்தை நேரில் பார்க்க வாய்த்தால் விடாதீர்கள். இல்லையென்றால் கடையில் துண்டு போட்டு வாங்கலாம். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தைத் தவிர்த்துவிட்டுப் போங்கள்.

இரண்டு நாள் கழித்து, செப்டம்பர் 4, அமெரிக்காவில் செய்தித்தாள் போடும் சிறுவர்களின் நாள். 1833இல் நியூயார்க் செய்தித்தாள் ஒன்று பத்து வயதுச் சிறுவனை வேலைக்கு வைத்த நாள் என்பார்கள். இராமேஸ்வரத்துக்கு இது எவ்வளவு பொருத்தம்! இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இங்கே ரயில் நிற்காமல் போக, ஓடும் ரயிலிலிருந்து வீசப்பட்ட செய்தித்தாள் கட்டுகளைப் பொறுக்கிச் சேர்த்த சிறுவன்தான் அப்துல் கலாம். காலையில் ஒரு தமிழ்ச் செய்தித்தாள் வாங்கிப் பிள்ளையின் கையில் கொடுத்து, மசூதித் தெருவிலிருக்கும் அவர் வீட்டுக்கு நடந்தே போங்கள். தலைப்புச் செய்தியை எழுத்துக் கூட்டியாவது அவன் வாசிக்கட்டும். அக்டோபர் 15, அவர் பிறந்த நாளில், பேய்க்கரும்பு நினைவிடத்தில் கூட்டம் நெரியும். சிறு பிள்ளைகளோடு போவதற்கு அது உகந்த நாளல்ல.

எனக்கு மிகவும் பிடித்தது அக்டோபர் 1, உலகத் தபால் அட்டை நாள். 1869இல் ஆஸ்திரியா-ஹங்கேரியில் முதல் தபால் அட்டை வெளியான நாள். அன்று தனுஷ்கோடிக்குப் போங்கள். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரில், பவளக்கல்லால் கட்டிய தேவாலயச் சுவரும், ரயில் நிலையத்தின் எச்சங்களும், தபால் நிலையக் கட்டடத்தின் இடிபாடும் இன்னும் நிற்கின்றன. புயலுக்கு முன்பு சென்னையிலிருந்து வந்த போட் மெயில் ரயில் இங்கேதான் முடியும். இங்கிருந்து கப்பலில் இலங்கையின் தலைமன்னார், பிறகு மறுபடி ரயிலில் கொழும்பு. யாழ்ப்பாணத்தையோ மன்னாரையோ பூர்வீகமாகக் கொண்ட குடும்பமென்றால், அம்மம்மாவோ அப்பப்பாவோ அந்த வழியாக வந்தார்களா என்று கிளம்புவதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பல உயிர்கள் போன இடம் அது, இன்றும் மீனவக் குடும்பங்கள் குடியிருக்கின்றன. கூச்சல் வேண்டாம், கேட்காமல் யாரையும் படம் எடுக்க வேண்டாம். தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையில் நீரோட்டம் வலுவானது, கடலில் இறங்காதீர்கள். இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும்.

வழியில் சங்கு, சிப்பிக் கடைகள் வரும். பவளத்துண்டு, கடல்குதிரை, கடல் அட்டை எதையும் வாங்காதீர்கள், கரையிலிருந்தும் பொறுக்காதீர்கள். அவை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அடங்குபவை, விமான நிலையத்தில் பிடிபட்டால் பயணமே கெடும்.

தபால் அட்டை நாளில் ஊரிலிருந்து அனுப்ப, படம் அச்சிட்ட நல்ல தபால் அட்டை இங்கே தேடினாலும் எளிதில் கிடைக்காது. தடித்த வரைதாளை அட்டை அளவுக்கு வெட்டிக்கொண்டு வாருங்கள். ஒரு பக்கம் பிள்ளைகள் பார்த்ததை வரையட்டும், மறுபக்கம் தமிழில் இரண்டு வரி எழுதட்டும். உங்கள் வெளிநாட்டு முகவரியை ஆங்கிலத்தில் தெளிவாக எழுதி, நாட்டின் பெயரைப் பெரிய எழுத்தில் போடுங்கள். அஞ்சலகத்தில் விற்கும் 50 பைசா அட்டை உள்நாட்டுக்கு மட்டுமே செல்லும். ஆகவே இராமேஸ்வரம் அஞ்சலகக் கவுண்டரில் எந்த நாட்டுக்கு என்று சொல்லி உரிய தபால்தலை வாங்கி ஒட்டுங்கள். மறுநாள் காந்தி ஜயந்தி, அஞ்சலகம் திறக்காது. காலையில் தனுஷ்கோடி, மதியத்துக்குள் அஞ்சலகம் என்று திட்டமிட்டுக்கொள்ளுங்கள்.